ஓப்பன்ரேடியோஸ்: பஸ்ஸைக் கணினியில் புரட்டிப் பார்க்க ஓர் இலவச மென்பொருள்

கிளிநொச்சியில் எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் ஏ9 வீதியில் ஓடித் தேய்ந்த பஸ்கள். பக்கத் தூண் துருப்பிடித்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) வைத்து வெல்டிங்கால் ஒட்டுவோம். எத்தனை மில்லிமீற்றர் தடிப்புப் போட வேண்டும் என்பதற்கு மாமாவின் கைப்பழக்கம்தான் கணக்கு. எனக்கு அது போதவில்லை, ஓப்பன்ரேடியோஸை இறக்கினேன்.

வாகன மோதலைக் கணக்கிடும் ரேடியோஸ் மென்பொருளை அல்ட்டேர் நிறுவனம் 2022இல் ஓப்பன்ரேடியோஸ் என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. காசில்லை, ஆனால் சொகுசும் இல்லை. ஸ்டார்ட்டர், எஞ்சின் என்று இரண்டு புரோகிராம்கள், கறுப்புத் திரையில் ஓடும் எண்கள், அவ்வளவுதான். விடையைப் படமாகப் பார்க்க வேறொரு கருவியால் மாற்றிப் பாராவியூ என்ற படம் காட்டும் மென்பொருளில் திறக்க வேண்டும். எல்எஸ்-டைனா என்ற இன்னொரு மோதல் மென்பொருளின் ஃபைல்களையும் வாசிப்பதால் இணையத்தில் கிடைக்கும் கார் மொடல்களை வைத்துப் பழகலாம். முழுக் கார் என் லப்டொப்புக்குத் தாங்காது. பஸ்ஸின் ஒரு வளையம், அதாவது இரண்டு தூண், கூரைச் சட்டம், அடிச் சட்டம் மட்டும் என்றால் விடிவதற்குள் முடிகிறது. நடுவில் கரண்ட் போனாலும், இடையில் சேமித்து வைத்த ரீஸ்டார்ட் ஃபைலிலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கு இதற்கே தனிப் புள்ளி கொடுக்க வேண்டும்.

நான் அளவுகோலாக வைத்தது, பஸ் கவிழ்ந்தால் கூடு தாங்குமா என்று பார்க்கும் ஐ.நா.வின் 66ஆம் இலக்க ஒழுங்குவிதி. 800 மில்லிமீற்றர் உயர மேடையில் பஸ்ஸை மெல்லச் சாய்த்துக் கொங்கிரீட் தரையில் விழுத்துவார்கள். பயணிகளுக்கென ஒதுக்கிய இடத்துக்குள் கூட்டின் எந்தப் பாகமும் புகக்கூடாது. முழு பஸ்ஸையும் உடைக்காமல் கணினிக் கணக்கைக் காட்டியும் அங்கீகாரம் பெறலாம். அதற்கும் கடிவாளம் உண்டு. கணக்குமுறையே கிளப்பிவிடும் பொய்ச் சக்தி மொத்தச் சக்தியில் 5 வீதத்தைத் தாண்டக்கூடாது. சோதிப்பவர்கள் சந்தேகப்பட்டால் உண்மையான பாகத்தை வளைத்துக் காட்டச் சொல்லவும் உரிமை இருக்கிறது. ஓப்பன்ரேடியோஸ் ஓடும்போதே 'எரர்' என்ற நெடுவரிசையில் சக்திக் கணக்கின் பிசகு வீதமாக வந்துகொண்டிருக்கும். என் கண் எப்போதும் அதில்தான்.

சரி, அந்த உரிமையை நானே எடுத்துக்கொண்டேன். தூணும் அடிச் சட்டமும் சேரும் மூலை ஒன்றைப் பட்டறையில் ஒட்டி, ஹைட்ரோலிக் ஜக்கால் தள்ளினோம். கணினியில் பார் ஒட்டுக்கு மேலே அழகாக மடிந்திருந்தது. ஜக்கில் மடியவே இல்லை, ஒட்டின் ஓரம் நூல் பிடித்ததுபோல் கிழிந்தது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஒட்டு எந்தப் பலத்தில் பிரியும் என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அது பிரியாது என்றே எடுத்துக்கொள்ளும். எங்கள் ஒட்டுக்கான அந்த எண் எந்தக் கையேட்டிலும் இல்லை, நம் பட்டறையில்தான் எடுக்க வேண்டும்.

பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்வேன், இறக்குங்கள். பட்டறைக்காரருக்கு இரண்டு வடிவத்தில் எது மேல் என்று ஒப்பிட உதவும். இதைக் காட்டி ஒரு பஸ்ஸுக்கு 'பாதுகாப்பானது' என்று துண்டு எழுத நான் ஆளில்லை. மாமா இப்போது மூலையில் முக்கோணத் தகடு வைக்கச் சொல்கிறார். அடுத்த ஓட்டம் அதற்குத்தான்.