நான்கு ஆண்டுகளாகப் போய்வரும் ஓர் அரசு மனநல வெளிநோயாளிப் பிரிவு: என் மதிப்பீடு

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மனநல வெளிநோயாளிப் பிரிவுக்கு, என் தம்பியை அழைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அவனுக்கு இன்னும் அங்கேதான் சிகிச்சை நடப்பதால் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை. அவனுக்கு இருப்பது இருமுனை மனநிலைக் கோளாறு; மனம் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் சில காலம் அளவு கடந்த எழுச்சியிலும் இருக்கும் நோய். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் பைபோலார் என்றே சொல்கிறார்கள். அங்கே கிடைத்த நல்லதையும் குறையையும், இதே நோயுள்ளவர்களின் வீட்டாருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அங்கு போவதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் அந்தப் பிரிவின் அருமை புரியும். இருபத்து நான்கு வயதில் தம்பி இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. தனியார் மருத்துவர் ஒருவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தார். இதற்கு முன் எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகத்தோடு இருந்தானா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கல்லூரி இறுதியாண்டில் அப்படிப் பத்து நாட்கள் இருந்ததைச் சொல்லியிருப்போம். மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் பாத்திரக் கடையின் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, கடனுக்கு இரண்டு லாரி சரக்கு கேட்டு மொத்த வியாபாரிகளுக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தான். தடுக்கப் போன என்னிடம், “எனக்கு ஒண்ணும் இல்லக்கா, இப்பத்தான் நான் நல்லா இருக்கேன்” என்றான். இந்த நோயில் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனம் மறுமுனைக்குத் தாவிவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அரசு மருத்துவமனையில் முதல் நாள் பட்டமேற்படிப்பு மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் எங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். சித்தப்பாவுக்குப் பேய் பிடித்ததென்று குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்த கதையை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் முகம் சுளிக்காமல் அதைக் குடும்ப நோய்வரலாறாகக் குறித்துக்கொண்டார். இந்த நோய்க்கு மரபுவழித் தொடர்பு வலுவாக உண்டு என்றும் விளக்கினார். அன்றே உள்நோயாளியாகச் சேர்த்து, ஓலான்சபின் கொடுத்து எழுச்சியைத் தணித்தார்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பரிசோதித்த பிறகே, மனநிலையைச் சமநிலையில் வைக்கும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கினார்கள்.

இந்தப் பிரிவின் உண்மையான தரம் லித்தியத்தை அவர்கள் கையாளும் விதத்தில் தெரிகிறது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் பித்துநிலைக்கு, அதாவது அந்த அளவு கடந்த எழுச்சிக்கு, இது பயன்படும் என்று எழுதினார். இன்றும் இந்த எளிய உப்பு மருந்து முன்வரிசையில் நிற்கிறது. நோய் திரும்புவதைத் தடுப்பதோடு தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தொடர் சிகிச்சையில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கும்படி பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம்தான் சரியான அளவைக் காட்டும். ஆகவே, இரவு ஒன்பதுக்கு மாத்திரை, மறுநாள் காலை ஒன்பதுக்கு ஊசி என்று செவிலியர் எங்கள் நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதிக்கொடுத்தார். ஒருமுறை தம்பி காலையில் வேறொரு மாத்திரை என்று நினைத்து லித்தியத்தைப் போட்டுவிட்டு வந்தான்; நேரத்தைக் கேட்டவுடன் இரத்தம் எடுக்காமல், மறுநாள் வரச்சொல்லித் திருப்பியனுப்பினார்கள். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தவறான எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிற்பாடு உணர்ந்தேன்.

சென்ற கத்திரி வெயிலில் முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்லோஃபெனாக் மாத்திரையை ஐந்து நாள் விழுங்கியிருந்தான். மாத்திரை வாங்கக் கையெழுத்துப் போடும்போது பேனா தாளில் கோணல்மாணலாக இழுபடுவதைப் பார்த்த அதே செவிலியர், வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாய், வயிற்றுப்போக்கு உண்டா, தண்ணீர் குடிக்கிறாயா என்று அடுத்தடுத்துக் கேட்டு, உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தத்தில் லித்தியத்தின் அளவு 1.3 இருந்தது. டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். வியர்வையாலும் வயிற்றுப்போக்காலும் நீரும் உப்பும் குறைந்தாலும் அதுவே நடக்கும். வலி மாத்திரையையும் லித்தியத்தையும் நிறுத்தி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து, அளவு இறங்கிய பின் லித்தியத்தை மட்டும் மீண்டும் தொடங்கினார்கள். அந்தச் செவிலியரின் கண்ணுக்கு நான் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருந்துக்கு அப்பால் அவர்கள் கற்றுத்தந்தது தூக்கக் கணக்கு. படுத்த நேரம், எழுந்த நேரம், அன்றைய மனநிலைக்குக் கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் ஐந்து வரை ஓர் எண் என்று நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதுகிறோம். இரண்டு இரவுகள் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி, மறுநாளும் களைப்பில்லாமல் இருந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் வரவேண்டும் என்பது ஏற்பாடு. சென்ற ஆண்டு ஒருமுறை அப்படிப் போனோம். இரவு மருந்தைச் சற்றுக் கூட்டியதோடு, மருத்துவமனையில் சேர்க்காமலேயே அந்த அலை அடங்கியது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், யார் தனக்காக முடிவெடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்று சமூகப் பணியாளர் சொன்னார். தம்பி என் பெயரை எழுதினான்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை மறைவின்மை. ஒரே அறையில் மூன்று மேசைகள். அடுத்த மேசையில் பேசுவது எழுத்துப் பிசகாமல் கேட்கிறது. திருமணமாகி ஓராண்டான ஒரு பெண்ணிடம், இதே நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும், ஆகவே கருத்தரிக்கும் முன்பே வேறு மருந்துக்கு மாறவேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நானும் கேட்டேன். மிக அவசியமான அறிவுரைதான். ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தடுப்புத் திரைக்கு என்ன செலவாகிவிடும்?

இரண்டாவது, மாத்திரை இருப்பு. இலவசமாகக் கொடுப்பது பெரும் உதவி. ஆனால் நான்கு ஆண்டுகளில் இருமுறை லித்தியம் தீர்ந்துபோய் “அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் பித்துநிலை விரைவில் திரும்பும் அபாயம் அதிகம். நிறுத்துவதென்றாலும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டிய மருந்து இது. எங்களால் வெளியே வாங்க முடிந்தது. பேருந்துக் கட்டணத்துக்கே எண்ணிக் காசு கொண்டுவருபவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு வார மாத்திரையாவது எப்போதும் வீட்டில் கூடுதலாக வைத்திருங்கள்.

காத்திருப்பு மூன்று மணி நேரம் ஆகும். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டால் மதியத்துக்குள் திரும்பலாம். தூக்க நோட்டு, பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அந்தப் பை இருந்தால், மருத்துவர் மாறினாலும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டியதில்லை. இரவில் அவசரமாகப் பேசவேண்டியிருந்தால் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் எங்கள் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம்.