ஷின்ஜுகு சந்தில் ஒரு இசகாயா

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால், எதிரே ஒருவர் வந்தாலே தோளை ஒதுக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய சந்து ஒன்று வரும். 'நினைவுகளின் சந்து' என்று பொருள்படும் ஒமொய்தே யோகோச்சோ என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கள்ளச்சந்தைக் கடைகளாக முளைத்த இடம் அது. உணவுப் பொருள்கள் பலவும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த அந்நாளில், கட்டுப்பாட்டுக்குள் வராத மாட்டுக் குடலையும் பன்றிக் குடலையும் குச்சியில் கோத்துச் சுட்டு விற்றார்கள். அந்த வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. பத்துப் பேர் மட்டுமே அமரக்கூடிய அப்படியொரு இசகாயாவில், அதாவது ஜப்பானிய மதுக்கடையில்தான், ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன்.

சிவப்புக் காகித விளக்கையும் வாசல் துணியையும் கடந்து கவுன்டரில் அமர்ந்ததும், கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு வந்தது. அதை அடுத்து, நான் கேட்காமலே, எள் தூவி வதக்கிய கோபோ வேரும் கேரட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் வந்தன. இதற்கு ஒத்தோஷி என்று பெயர். பில்லில் 400 யென் ஏறும். ஏமாற்றுகிறார்கள் என்று வெளிநாட்டவர் பலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான். நான் அப்படி நினைக்கவில்லை. 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான எடோ காலத்தில், அளந்து விற்கும் சாக்கே என்னும் அரிசி மதுவை வாங்கிய இடத்திலேயே இருந்து குடிக்க மதுக்கடைகள் அனுமதித்ததிலிருந்துதான் இசகாயா என்ற பெயரே பிறந்தது. 'இருந்து குடிக்கும் கடை' என்று அதைச் சொல்லலாம். இருக்கும் இடத்துக்கான கட்டணத்தைக் கையில் ஒரு கிண்ணத்தோடு வாங்குவது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தத் தொகையை வாசலில் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தக் கடை அதைச் செய்யவில்லை.

குச்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உப்பா, தாரே என்னும் இனிப்புச் சோயா குழம்பா என்று கேட்கிறார்கள். இதயத்தை உப்பிலும் ஈரலைத் தாரேயிலும் வாங்கினேன். ஈரலின் வெளிப்புறம் கரியில் லேசாகத் தீய்ந்து கசக்க, உள்ளே வெண்ணெய்போல் குழைந்திருந்தது. குழம்பின் இனிப்பு அந்தக் கசப்பைத் தாங்கிப் பிடித்தது. இதயமோ பல்லுக்கு எதிர்த்து நின்றது, உப்பைத் தவிர எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். இரண்டிரண்டாகக் கேட்டால், கிளாஸ் காலியாகும் வேகத்துக்கு ஏற்பச் சூடாக வந்துகொண்டே இருக்கும். மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் நெடுநேரம் கொதித்த குடல் கறி மட்டும் எனக்கு உப்பு அதிகம்.

'இப்போதைக்கு பீர்' என்று தொடங்குவது அங்கே பழக்கம். நானும் அப்படியே தொடங்கி ஹொப்பிக்கு மாறினேன். 1948இல் விற்பனைக்கு வந்த, பீர் சுவையுடைய, 0.8 சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள பானம் அது. கிளாஸில் உள்ள ஷோச்சு என்னும் காய்ச்சி வடித்த மதுவை 'உள்' என்றும், அதில் ஊற்றும் ஹொப்பியை 'வெளி' என்றும் அழைக்கிறார்கள். வெளி மிச்சமிருக்கும்போது 'உள் ஒன்று' என்று கேட்டால் ஷோச்சு மட்டும் வரும். கடைசியாகச் சூடாக்கிய சாக்கே. அரிசியை 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எஞ்சுமாறு தீட்டித் தயாரிக்கும் கின்ஜோ வகைச் சாக்கேயின் பழ மணம் இந்தப் புகையில் வீண். மலிவான சாக்கேயே ஈரலோடு நன்றாகச் சேர்கிறது. பக்கத்தில் இருந்த முதியவர் என் கிண்ணத்தை நிரப்பினார். நான் அவருடையதை நிரப்பினேன். தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளாத இந்த வழக்கத்தால், மொழி தெரியாத எனக்கும் பேச்சுத்துணை கிடைத்தது. இரண்டு மணி நேரம் கணக்கின்றிக் குடிக்கலாம் என்னும் நோமிஹோதாய்க் கடைகளில் கடிகாரத்தைப் பார்த்தே குடிப்பதால், இது வாய்ப்பதில்லை.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இந்தக் கடையைப் பரிந்துரைக்க மாட்டேன். டோஃபுவின்மீதும் உலர்ந்த மீன் சீவல் விழுகிறது. குழம்புகளின் அடியிலும் அதே மீன் சாறுதான். உப்பிட்டு அவித்த எடமாமே என்னும் பச்சைச் சோயா ஒன்றே மிஞ்சும்.

ஆறு குச்சிகள், குடல் கறி, மூவகை மது, ஒத்தோஷி எல்லாம் சேர்த்து 3,820 யென் ஆனது, டிப்ஸ் கிடையாது. மாலை ஐந்து மணிக்கே, அதிகபட்சம் இருவராகச் செல்லுங்கள். வாசலில் ஆள் காத்திருப்பது தெரிந்தால், கிண்ணம் காலியானதும் எழுந்துவிடுங்கள்.