இரட்டை மேஜரா, மூன்றே ஆண்டில் பட்டமா?

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணிதம், கணினி அறிவியல் இரண்டையும் மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்து நான்கு ஆண்டுகளில் முடித்தேன். என் அறைத்தோழி கணினி அறிவியலை மட்டும் எடுத்து மூன்றே ஆண்டுகளில் பட்டம் வாங்கினாள். என் சாய்வு இரட்டை மேஜர் பக்கம்.

பணம் என்று பார்த்தால் தோழிதான் கெட்டிக்காரி. ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் மிச்சம். சம்பளமும் முன்னதாகவே வரத் தொடங்கியது. கல்விக்கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, அவள் வழியில் போங்கள்.

முதலில் நான் இரண்டுக்குமே ஆசைப்பட்டேன். பட்டத்துக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அலகு) வேண்டும். பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடங்களில் எழுதிய ஏ.பி. தேர்வுகளால் 30 கிரெடிட் கையில் இருந்தது. மீதி 90, செமஸ்டருக்கு 15 என்றால் ஆறே செமஸ்டர். 12 முதல் 18 கிரெடிட் வரை எங்களுக்கு ஒரே கட்டணம் என்பதால், இரண்டாவது மேஜரையும் அதற்குள் அடக்கிவிடலாம் என்று நம்பினேன்.

கிரெடிட்டை எண்ணினேனே தவிர, எந்தப் பாடத்துக்குப் பின் எந்தப் பாடம் என்ற சங்கிலியைப் பார்க்கவில்லை. கால்குலஸ் 3, நேரியல் இயற்கணிதம், நிரூபண முறைகள், பிறகு மெய்ப் பகுப்பாய்வின் இரண்டு பகுதிகள்: ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் சேர முடியாது. கணினித் துறையில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளம் என்று இன்னொரு சங்கிலி. என் ஏ.பி. கிரெடிட்டில் பெரும்பகுதி ஆங்கிலம், வரலாறு போன்ற பொதுப் பாடங்களுக்கே போயிற்று. மொத்த எண்ணிக்கை குறைந்தது. கால்குலஸின் முதல் இரண்டு பாடங்களைத் தவிர, சங்கிலி குறையவில்லை.

நிரூபண முறைகள் பாடம் எங்கள் துறையில் வசந்த கால செமஸ்டரில் மட்டும்தான் உண்டு. இரண்டாம் ஆண்டில் அது அல்காரிதம் வகுப்போடு ஒரே நேரத்தில் மோதியது. அல்காரிதத்தை எடுத்தேன். நிரூபணம் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போனது. இலையுதிர் காலத்தில் மட்டும் நடக்கும் மெய்ப் பகுப்பாய்வு நான்காம் ஆண்டுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு மணி நேர மோதலுக்கு முழுதாக ஓராண்டு! தோழிக்கு ஒரே சங்கிலி என்பதால் தப்பித்தாள்.

ஆனாலும் அந்த நான்காம் ஆண்டு எனக்கு வீணாகவில்லை. அவசரமில்லாமல் எண் கோட்பாடு படித்தேன். மெய்ப் பகுப்பாய்வின் இரண்டு பகுதிகளையும் ஒரே பேராசிரியரிடம் படித்தேன். மேற்படிப்புக்கு எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர் அவர்தான். தோழி விண்ணப்பித்தபோது, ஒரே செமஸ்டர் பாடம் நடத்தியவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. இன்டர்ன்ஷிப்புக்கான கோடை விடுமுறையும் அவளுக்கு ஒன்று குறைவு.

நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு இரண்டையும் எங்கள் துறைகள் இரு மேஜருக்கும் கணக்கில் எடுத்துக்கொண்டன. எல்லா இடத்திலும் இந்தச் சலுகை இருக்காது. சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரட்டைப் பட்டம், அதாவது இரண்டு தனித்தனிப் பட்டங்கள் என்பது வேறு, பொதுவாக 150 கிரெடிட் வரை போகும்.

நான் சொல்வது ஆய்வகம் இல்லாத பாடங்களை வைத்து. உயிரியலும் வேதியியலும் சேர்த்துப் படிப்பவர்கள் ஆய்வக நேரங்களையும் அட்டவணையில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.