சாவு வீட்ல ஸ்டாம்ப் பேப்பர் நீட்டுனா உஷாரா இருங்க

எங்க சித்தி பொண்ணோட வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை பாத்தவரு, வயசு 35. 2023-ல சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு சைட்ல சாரம் சரிஞ்சு விழுந்து ஸ்பாட்லயே போயிட்டாரு. பாடி இன்னும் மார்ச்சுவரிய விட்டு வெளிய வரல, அதுக்குள்ள கான்ட்ராக்டர் ஆளுங்க அவரோட அண்ணனை டீக்கடைப் பக்கம் தள்ளிட்டுப் போய் மூணு லட்சத்தை கையில திணிச்சு "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த பாத்தியதையும் இல்லை"ன்னு 20 ரூபா பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டானுங்க. பொண்டாட்டி, ரெண்டு சின்னப் புள்ளைங்க, புருஷன் இல்லாத அவரோட அம்மான்னு நாலு பேர் இருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. அண்ணன் வீட்டு வாசல்ல இப்ப புது பைக் நிக்குது, அதப் பத்தி பேசுனா எனக்குத்தான் பிபி ஏறும்.

காரியம் முடிச்சு சித்தி பொண்ணு போய் கேட்டா கான்ட்ராக்டர் "செட்டில் பண்ணியாச்சும்மா"ன்னு அந்த பேப்பரை ஆட்டிக் காட்டுறான்.

அப்புறம் யூனியன்ல ஒரு அண்ணன்தான் விளக்கினாரு. விபத்து நடந்தப்ப அமல்ல இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி (2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்துடுச்சு) செத்துப்போன கேஸ்ல பணத்தை தொழிலாளர் இழப்பீட்டுக் கமிஷனர்கிட்டதான் டெபாசிட் பண்ணணுமாம், நேரா கையில குடுத்தா குடுத்த கணக்கே இல்ல. மூணு மாச சம்பளம் வரைக்கும் அட்வான்ஸ் தரலாம், அதுவும் சட்டம் சொல்ற ஆளுங்களுக்குத்தான். மனைவி, மைனர் பையன், கல்யாணம் ஆகாத பொண்ணு, விதவைத் தாய் இவங்கதான் முதல்ல, மேஜரான அண்ணனுக்கு அதுல இடமே கிடையாது. உரிமைய விட்டுக்குடுத்தேன்னு எழுதி வாங்குற பத்திரமும் செல்லாது.

தொகையைக் கேட்டா தலை சுத்துச்சு. சம்பளம் அதிகமா இருந்தாலும் அந்தச் சட்டத்துல மாசம் 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, அதுல பாதி 7,500, அதை 35 வயசுக்குன்னு சட்டத்துல குடுத்திருக்குற 197.06-ங்கிற எண்ணால பெருக்குனா 14,77,950 ரூபா வருது, மூணு லட்சம் எங்க இது எங்க! ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா 12 பர்சென்ட் வட்டி வேற. கான்ட்ராக்டர் கைய விரிச்சாலும் வேலை குடுத்த மெயின் கம்பெனிய விடாம பிடிக்கலாம்.

நடுவுல ஒரு புரோக்கர் வந்து முப்பது பர்சென்ட் குடுத்தா முடிச்சுத் தரேன்னான், தொரத்தி விட்டோம். இறந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும், அதனால வாரிசு சான்றிதழ், எஃப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எல்லாம் வெச்சு தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்குற தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுத்துட்டோம், மாமியாரும் மருமக பக்கம் நின்னு கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப கான்ட்ராக்டரோட வக்கீல் இறந்தவருக்கு மாசம் எட்டாயிரம்தான் கூலின்னு சாதிக்கிறாரு. மேஸ்திரி நோட்டுல சனிக்கிழமை சனிக்கிழமை இவர் பேருக்கு நேரா நாள் கூலி 950-ன்னு பென்சில்ல எழுதியிருக்கு, அத போட்டோ எடுத்து வெச்சிருந்ததாலதான் பதில் சொல்ல முடிஞ்சுது. உங்க வீட்ல யாராவது சைட் வேலைக்குப் போனா அந்த நோட்டுப் பக்கத்தை இப்பவே போன்ல எடுத்து வெச்சுக்கோங்க, ஜிபே மெசேஜையும் அழிச்சிடாதீங்க.