புல்லட் அனலாகக் கொதித்தால் ஜெட்டை மாற்ற விடாதீர்கள், முதலில் பாயிண்ட் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

அப்பா ஓட்டிய 1994 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. பாயிண்ட், அதாவது திறந்து மூடித் தீப்பொறியை வரவைக்கும் தொடுமுனை, வைத்த வார்ப்பிரும்பு எஞ்சின். போன மார்ச்சில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போய்த் திரும்புவதற்குள் கால் வைக்க முடியாத அனல். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப் நீலம் பாரித்துவிட்டது. மேட்டில் இழுவை இல்லை, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிச் சத்தம்.

புல்லட்டுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறையில் விட்டேன். பைப்பைப் பார்த்ததுமே, "மிக்சர் லீன் ஆயிடுச்சு சார், பெரிய மெயின் ஜெட் போட்டா சரியாயிடும்" என்றார். அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்துவிட்டது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். கார்புரேட்டர் கிட், ஜெட், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். பத்து நாளில் அதே சூடு. இரண்டாம் முறை அதைவிடப் பெரிய ஜெட். ஐட்லிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிலைக்கவில்லை என்று அதற்கான ஸ்க்ரூவையும் ஏற்றிவிட்டார். அதற்கு 1,400. மூன்றாம் முறை, "எஞ்சின் இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்." லிட்டருக்கு 34 கொடுத்த வண்டி 22-க்கு வந்திருந்தது. பிளக் கரிக்கட்டை. மூன்று முறையும் நான் பக்கத்திலேயே நின்றேன். பாயிண்ட் மூடியில் அவர் கைகூட வைக்கவில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னதும் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 0.20 கூட உள்ளே போகவில்லை. பாயிண்ட்டைத் திறக்கச் சுழலும் கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் திறப்பது பிந்தும், தீப்பொறியும் பிந்தும். "வண்டியா டைமிங்கைப் பின்னாடி தள்ளிக்கிட்டே வந்திருக்குப்பா" என்றார். டைமிங் என்றால் தீப்பொறி விழும் நேரம்.

பொறி பிந்தினால் பெட்ரோல் எரிந்து முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு வால்வையும் போர்ட்டையும் பைப்பையும் சுடும். இழுவை குறைவதால் நாம் ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்குவோம், சூடு இன்னும் ஏறும். லீன் மிக்சரிலும் பைப் நீலம் பாரிக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் பைப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐட்லிங்கும் டைமிங்கோடு சேர்ந்து இறங்கும். அதை ஸ்க்ரூவால் தூக்கிவிட்டுக் கார்புரேட்டரை டியூன் செய்தால் எந்தத் திருகலும் சரியான இடத்தில் நிற்காது. முதலில் டேப்பட் (வால்வு இடைவெளி), பிறகு பாயிண்ட் இடைவெளி, டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். இந்த வரிசை தெரியாதவரிடம் பழைய புல்லட்டை விடாதீர்கள்.

இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, பிளக் துளையில் ஒரு வீல் ஸ்போக்கை விட்டு பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடித்தார். பாயிண்ட் அதற்கு 0.8 மி.மீ. முன்னால் திறக்க வேண்டும். சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தினால், பாயிண்ட் திறக்கும் நொடியில் அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புகிறது. அதைப் பார்த்தே பாயிண்ட் இருக்கும் தட்டைத் திருப்பி இறுக்கினார். முக்கால் மணி நேரம், செலவு ஒரு டீ. சூடு தணியட்டும் என்று டைமிங்கை அளவுக்கு மேல் முன்னே தள்ளிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்: கிக்கர் திருப்பி அடிக்கும், எஞ்சின் உள்ளே தட்டும் சத்தத்தோடு நாக் ஆகும், அந்தச் சூடு நேரே பிஸ்டனுக்குப் போகும்.

அனல் அன்றே அடங்கியது. ஆனால் பெரிய ஜெட் உள்ளே இருந்ததால் கரும்புகை. பழைய ஜெட்டைக் கேட்கப் பட்டறைக்குப் போனேன். "எங்கயோ போயிருக்கும் சார்." பில்லில் 'டியூனிங் வேலை' என்று மட்டும் இருந்தது, ஜெட் எண்கூட இல்லை. கழற்றிய பாகத்தை அன்றே கையில் வாங்கியிருக்க வேண்டும். கம்பெனி அளவு ஜெட்டைப் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறேன். மைலேஜ் 32-க்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் அந்தச் சூட்டில் ஓடிய எக்ஸாஸ்ட் வால்வு எப்படி இருக்கிறது என்று, வரும் ஞாயிறு ஹெட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.