துரத்தும் கேமரா, துப்புக் கேட்கும் கேமரா

அமெரிக்காவில் 1988இல் ‘அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்’ வந்தது. அடுத்த ஆண்டே ‘காப்ஸ்’. இரண்டும் குற்ற நிகழ்ச்சிகள்தான். ஆனால் பார்ப்பவரை நடத்தும் விதம் வேறு.

‘காப்ஸ்’ கேமரா ரோந்து வண்டியில் ஏறிக்கொள்கிறது. போலீஸ் துரத்துகிறது, பிடிக்கிறது, விலங்கு மாட்டுகிறது. நீதிமன்றம் கண்ணில் படுவதே இல்லை; கைதே தீர்ப்பாகிவிடுகிறது. நம் சட்டமோ போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக்கூட எளிதில் சாட்சியமாக ஏற்பதில்லை! போலீஸ் பிடியில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பின் 2020இல் ‘காப்ஸ்’ நிகழ்ச்சியைச் சேனல் கைவிட்டது. மறு ஆண்டே வேறு தளத்துக்குத் திரும்பிவிட்டது.

‘அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்’ மக்களிடம் துப்புக் கேட்டது. நடத்திய ஜான் வால்ஷ், 1981இல் ஆறு வயது மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தகப்பன். முதல் நிகழ்ச்சியில் காட்டப்பட்டவன் நான்கே நாளில் சிக்கினான்.

என் தேர்வு துப்புக் கேட்ட நிகழ்ச்சிதான். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மிச்சியும் தனியாக இருக்கிறார்கள். தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் தெரியாத பைக் ஒன்று இரண்டு முறை போய்வந்தது. அப்புச்சி அதன் எண்ணைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, ரோந்து வந்த காவலரிடம் கொடுத்தார். அதுதான் குடிமகன் செய்ய வேண்டியது. அதோடு நிற்கவும் வேண்டும். 2018இல் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள்.

எண்ணைக் குழுவில் போடலாம் என்றான் தம்பி. “யாரென்றே தெரியாமல் திருடன் என்பதா கண்ணு?” என்று தடுத்தார் அப்புச்சி. வந்தவர் தேங்காய் விலை பேசத் தோட்டம் தேடிய வியாபாரி.