ஆணியா, காடியா? வயலின் கழுத்தைப் பொருத்திய மூன்று வழிகள்

என் முதல் வயலினுக்கு பக்கச் சட்டங்களை வளைத்து, பின்பலகையையும் ஒட்டியாகிவிட்டது. மேல்பலகை மட்டும் பாக்கி. அந்த இடத்தில் ஒரு வாரம் வேலை நின்றது. கழுத்தை ஆணி அடித்துப் பொருத்துவதென்றால் அப்போதே அடித்தாக வேண்டும். பெட்டியை மூடிவிட்டால் சுத்தியல் உள்ளே போகாது.

ஆணி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இத்தாலியின் கிரெமோனாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி முதலானவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கழுத்தின் அடியைத் தட்டையாகச் சீவி, பக்கச் சட்டத்தின்மேல் வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) தடவி வைத்து, பெட்டிக்குள்ளே கழுத்துக்கு நேராக இருக்கும் மரத்துண்டான மேல்கட்டை வழியாக ஆணி இறக்குவார்கள். பெரும்பாலும் மூன்று ஆணி. வச்சிரம் காயும்வரை கிளாம்ப் வேலையையும் அந்த ஆணிகளே பார்த்துக்கொள்ளும். கழுத்து ஏறக்குறைய நேராகவே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பிகளுக்கு வேண்டிய சாய்வை ஆப்பு வடிவ விரல் பலகை கொடுத்துவிடும். இன்றைய வயலினின் விரல் பலகை முழுக் கருங்காலி. அவர்களுடையது எடை குறைந்த மரத்தின்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. 1690இல் மெடிசி குடும்பத்துக்காக ஸ்ட்ராடிவாரி செய்த பெரிய வயோலா (வயலினின் பெரிய உறவு) ஒன்று பழைய கழுத்தோடு இன்றும் ஃபுளோரன்ஸில் இருக்கிறது.

இரண்டாவது வழியில் கழுத்தும் மேல்கட்டையும் ஒரே மரத்துண்டு. இரண்டு பக்கமும் ரம்பத்தால் கீறல் போட்டு, சட்டங்களின் முனைகளை அதில் செருகிவிடுவார்கள். ஸ்பானிய கிடார் செய்பவர்கள் இன்றும் கையாளும் முறை இது. ஆல்ப்ஸுக்கு வடக்கே பல இடங்களில் இருந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலிருந்து டஜன் கணக்கில் வந்த மலிவு வயலின்களிலும் பார்க்கலாம். நான் இதைச் செய்ததில்லை, பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்ததோடு சரி. வேகமான வேலை, உறுதியான வேலை. ஆனால் கழுத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியான காடி, அதாவது குடைந்த பள்ளம். 1800ஐ ஒட்டி இந்த முறை பரவியது. சட்டத்தையும் மேல்கட்டையையும் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்து, அதில் கழுத்தின் அடியை இறுக்கமாக உட்கார வைப்பது. ஒலி கூடுதலாக வேண்டும், விரல் பலகை நீள வேண்டும் என்று வந்த காலம் அது. பழைய கிரெமோனா வயலின்களிலும் சுருள் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் கழுத்தை ஒட்டுப்போட்டு, காடியில் இறக்கினார்கள். இன்று மேடைகளில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவாரிகள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படி மாற்றப்பட்டவை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒலி அல்ல, பழுதுதான். கம்பிகள் இழுத்துக்கொண்டே இருப்பதால் எந்தக் கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாயும். ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். விரல் பலகையின் கோட்டை அப்படியே நீட்டினால் அது குதிரையை (கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறு பலகை) 27 மி.மீ. உயரத்தில் தொட வேண்டும். கழுத்து சாய்ந்தால் இந்த அளவு இறங்கும், கம்பி விரலுக்கு எட்டாமல் மேலே நிற்கும். காடியில் உட்கார்ந்த கழுத்து என்றால் வச்சிரத்தை இளக்கி வெளியிலிருந்தே எடுத்துவிடலாம். ஆணி அடித்த கழுத்துக்கு மேல்பலகையைத் திறந்து, துருப்பிடித்த ஆணிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அன்றைக்கே பலர் அதற்கு அஞ்சி, கழுத்தின் அடியில் ஓர் ஆப்பைச் செருகிச் சமாளித்திருக்கிறார்கள்.

என் வயலினுக்குக் கழுத்தைக் கழற்றும் நாள் முதல் மழைக்காலத்திலேயே வந்துவிட்டது. 27 இருந்தது 25 ஆகிவிட்டது. மெல்லிய கத்தியை நுழைத்து, சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டு, அரைமணி நேரம் ஆட்டியபின் ‘டக்’கென்று விட்டது. பயந்ததெல்லாம் பின்பலகையின் நாக்குக்காகத்தான், கழுத்தின் அடியோடு ஒட்டியிருக்கும் நீட்சி அது. கழுத்தின் பாரத்தில் பெரும் பங்கு அந்தச் சின்ன நாக்கின்மேல்தான். அது உடைந்தால் வேலை இரட்டிப்பு.

காடியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடியில் 0.1 மி.மீ. கூடுதலாகச் சீவினால் குதிரை பக்கம் அரை மி.மீ. மாறிவிடும். சுண்ணாம்புத் தூள் தடவிப் பொருத்துவது, தூள் ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் தொடுவது, மறுபடி தடவுவது என்று இரண்டு நாள் போயிற்று. அப்படியும் இடப்பக்கம் காடி அகலமாகிவிட்டது. அங்கே செருகிய மேப்பிள் செதில் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.